சொட்டு நீரும் மானியப் பணமும்: ஜாதவ்பூரிலிருந்து புருலியா வரை

வறண்ட நிலத்தில் தண்ணீரைச் சிக்கனமாகப் பாய்ச்சுவதற்கு ஒதுக்கப்படும் பணம் எங்கே புறப்பட்டாலும், கடைசியில் ஏதோ ஒரு வரப்போரம் வந்து சேர வேண்டும். அந்தப் பணம் வரும் பாதையைத் தொடர்ந்து போய்ப் பார்க்க மேற்கு வங்கத்தில் ஒரு நல்ல வழித்தடம் இருக்கிறது. கொல்கத்தாவின் தென்பகுதியான ஜாதவ்பூரில் கிளம்பி, ஹவுராவில் ரயிலேறினால் கரக்பூர், மேதினிபூர், பிஷ்ணுபூர், பாங்குரா, ஆத்ரா என்று ஊர்கள் கடந்து புருலியா வரும். ஒரு பகலில் முடிந்துவிடும் பயணம். ஈரம் சொட்டும் டெல்டாவில் தொடங்கி, மார்ச் மாதத்திலேயே கிணறு காய்ந்துவிடும் செம்மண் மேட்டில் முடிகிறது.

ஜாதவ்பூரைப் பார்த்தால் தண்ணீர்ப் பஞ்சம் நினைவுக்கே வராது. ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் நகரம் கொல்கத்தா. காலையில் சியால்தா தெற்குப் பிரிவு ரயில்கள் பாருய்பூர்ப் பக்கத்திலிருந்து கொய்யாவையும் கீரையையும் கூடை கூடையாக ஜாதவ்பூர் நிலையத்தில் இறக்குகின்றன. 8பி பேருந்து நிலையத்தைத் தாண்டினால் பல்கலைக்கழகம். 1906இல் சுதேசி இயக்கத்தின் சூட்டில் தொடங்கிய தேசியக் கல்விக் கழகத்திலிருந்து வளர்ந்து, 1955இல் பல்கலைக்கழகமாக ஆனது அது. நீர்வளப் பொறியியலுக்கென்று அங்கே ஒரு தனிப் பள்ளி இருக்கிறது. சுற்றுச்சூழல் ஆய்வுப் பள்ளியோ இன்னொரு காரணத்துக்காக உலகெங்கும் அறியப்பட்டது. தீபங்கர் சக்ரவர்த்தி 1988 முதல் கிராமம் கிராமமாகச் சென்று குழாய்க் கிணற்று நீரைச் சோதித்து, வங்க டெல்டாவின் நிலத்தடி நீரில் ஆர்சனிக் நஞ்சு கலந்திருப்பதை ஊரறியச் செய்தது அங்கிருந்துதான். 2018இல் அவர் மறையும்வரை அந்த வேலை ஓயவில்லை. மக்கள் குடித்த அதே ஆழமற்ற கிணற்று நீர்தான் கோடை நெல்லுக்கும் பாய்ந்தது. எனவே, மழை கொட்டும் இந்த மண்ணிலும் நிலத்தடி நீரை அளந்து இறைப்பது வயிற்றுக்கும் உயிருக்கும் தொடர்புள்ள விஷயம்.

ஹவுராவை விட்ட ரயில் கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றைக் கடக்கிறது. இருபுறமும் பூந்தோட்டம், காய்கறி, தை மாசி மாதங்களில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை போரோ நெல். கோடையில் விளையும் இந்த நெல்லுக்குப் பெரும்பாலும் குழாய்க் கிணறுதான் ஆதாரம். தமிழ்நாட்டுப் பயணி இங்கே கவனிக்க வேண்டியது பம்புசெட் கொட்டகைக்குள் சுவரில் தொங்கும் மின்மீட்டர். 2007 முதல் மேற்கு வங்கம் தன் வேளாண் பம்புகளுக்குத் தொலைவிலிருந்தே கணக்கெடுக்கக்கூடிய மீட்டர்களைப் பொருத்தத் தொடங்கியது. நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும். இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை மிகக் குறைவு. மாலை 5 முதல் இரவு 11 வரை மிக அதிகம். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம். அங்கே ஒரு மணி நேரம் பம்பை முன்கூட்டியே நிறுத்தினால் விவசாயியின் பையில் ஒரு காசும் மிஞ்சாது. இங்கே மிஞ்சும்.

தண்ணீரைச் சேமிக்கும் கருவிக்கு மானியம் தருவதும், சேமித்தால் ஆதாயம் உண்டு என்னும் நிலையை உண்டாக்குவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டாவதை வங்கம் ஓரளவு செய்திருக்கிறது. அதற்கும் விலை இருந்தது. பம்பு வைத்திருப்பவரிடம் தண்ணீரை விலைக்கு வாங்கிப் பயிர் செய்யும் ஏழைகள் வங்கத்தில் ஏராளம். மீட்டர் வந்தபின் பம்பு உரிமையாளர் கை ஓங்கி, தண்ணீர் விலை ஏறியதை நீரியல் ஆய்வாளர் அதிதி முகர்ஜியின் கள ஆய்வுகள் காட்டின. நிலத்தடி நீர் நன்றாக உள்ள வட்டாரங்களில் 5 குதிரைத்திறன் வரையிலான சிறு பம்புகளுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை என்று 2011 நவம்பரில் மாநில அரசு விதியைத் தளர்த்தியதிலும் அவருடைய ஆய்வுக்குப் பங்கு உண்டு. 2012இல் போர்லாக் கள ஆய்வு விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவரும் அவரே.

சமவெளியில் ஆற்று வாய்க்கால்களுக்கும் பெரும்பணம் வந்துகொண்டிருக்கிறது. தாமோதர் பாசனப் பரப்பின் பழைய வாய்க்கால்களைச் செப்பனிட உலக வங்கியும் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் தலா 14.5 கோடி டாலர் கடன் தருகின்றன. பாங்குராவின் ஒரு பகுதிக்கும் அதில் பங்கு உண்டு என்றாலும், பெரும் பயன் கீழே உள்ள வர்தமான், ஹூக்ளி, ஹவுரா மாவட்டங்களுக்கே. வாய்க்கால் மேட்டில் ஏறாது.

மேதினிபூருக்கு முன் கங்சாவதி ஆறு. ஆற்றைத் தாண்டியதும் மண் நிறம் மாறிவிடுகிறது. சால்பனி, கர்பேட்டா வரை சால மரக் காடுகளும் செம்பாறாங்கல் மண்ணும்தான். கர்பேட்டாவில் சிலாவதி ஆறு அந்த மண்ணை அரித்து அரித்துப் பெரும் பள்ளத்தாக்காகவே ஆக்கியிருக்கிறது. மழை இந்த மண்ணில் நிற்பதில்லை என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். கங்சாவதியின் குறுக்கே முகுட்மணிபூரில் 1956இல் தொடங்கிய அணை பெரிய அணைதான். ஆனால் அதன் வாய்க்கால்கள் தாழ்ந்த நிலங்களைத் தேடிக் கிழக்கே ஓடுகின்றன. அணையை ஒட்டிய மேட்டு நிலத்துக்காரர்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மழைக்குக் காத்திருக்கிறார்கள்.

பாங்குராவில் இறங்கினால் புது வகைத் தோப்புகள். முன்பு தரிசாகக் கிடந்த கல் மேடுகளில் ஆம்ரபாலி மாமரங்கள். வடக்கின் தசேரியையும் நம்மூர் நீலத்தையும் கலந்து தில்லியில் உருவாக்கிய ரகம் அது. குட்டையாக வளர்வதால் நெருக்கி நடலாம். பாங்குரா ஆம்ரபாலிக்கு இன்று தில்லி மாம்பழக் கண்காட்சிகளில் நல்ல பெயர். நட்ட முதல் சில கோடைகளைக் கன்று தாண்ட வேண்டும், அதற்குச் சொட்டு நீர்தான் கைகொடுக்கிறது. தோப்புக்குள் நுழைந்து ஒரு மரத்தடியில் குனிந்து பார்த்தால் கருப்புக் குழாய், அதிலிருந்து பிரியும் சிறு சொட்டுவான், அதன் வாயோரம் துருநிறப் படிவு. இது செம்மண் நீரிலுள்ள இரும்பு. தமிழ்நாட்டில் உப்பு படிந்து சொட்டுவான் அடைபடும், இங்கே இரும்பு அடைக்கிறது. இரண்டு இடத்திலும் வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும், குழாயின் கடைமூடியைத் திறந்து நீரைப் பீய்ச்சி விட வேண்டும், அவ்வப்போது அமிலம் கலந்து ஓட்ட வேண்டும். குழாய் போட மானியம் உண்டு. கழுவும் கைக்கும் அமிலத்துக்கும் இல்லை.

இந்தக் குழாய்க்கான பணம் வரும் விதத்தை இங்கேயே சொல்லிவிடலாம். மத்திய அரசு நுண்ணீர்ப் பாசனத்துக்கெனத் தனித் திட்டத்தை 2006இல் தொடங்கியபோது மத்திய அரசு 40 விழுக்காடு, மாநிலம் 10, விவசாயி 50 என்பது கணக்கு. பாதிப் பணம் கையிலிருந்து போட வேண்டும் என்றால் எந்தக் குறு விவசாயி வருவார்? வசதி உள்ளவர்களே வந்தார்கள். 2015 ஜூலையில் தொடங்கிய பிரதமர் வேளாண் பாசனத் திட்டத்தின் 'ஒவ்வொரு துளிக்கும் கூடுதல் மகசூல்' பிரிவு சிறு, குறு விவசாயிக்கு 55 விழுக்காடு, மற்றவர்க்கு 45 என்று வைத்தது. பெரும்பாலான மாநிலங்களில் அதை மத்திய அரசும் மாநிலமும் 60க்கு 40 எனப் பகிர்ந்துகொள்ளும். ஒருவருக்கு 5 எக்டேர் வரை வரம்பு. மீதியை மாநிலம் தன் சொந்தப் பணத்தில் கூட்டித் தரலாம். தமிழ்நாடு இதில் முன்னோடி. சிறு, குறு விவசாயிக்கு நூறு விழுக்காடு, மற்றவர்க்கு 75. மேற்கு வங்கத்தில் இத்திட்டத்துக்குப் 'பாங்க்ளா கிருஷி சேச் யோஜனா' என்று பெயர். மாநிலம் தன் கூடுதல் பங்கைச் சேர்த்து விவசாயியின் சுமையைக் குறைக்கிறது.

கூட்டித் தர மாநிலத்துக்குப் பணம் ஏது? அதற்காகவே 5,000 கோடி ரூபாயில் நுண்ணீர்ப் பாசன நிதி ஒன்று நபார்டு வங்கியில் உருவானது. 2017-18 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள், 2019-20இல் நடைமுறைக்கு வந்தது. மாநிலங்கள் இதில் கடன் வாங்கலாம். வட்டியில் 3 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்றது. 2021-22இல் நிதியை இரட்டிப்பாக்குவதாக அறிவிப்பு வந்தது. தமிழ்நாடு இதிலிருந்து 1,350 கோடிக்கு மேல் கடன் ஒப்புதல் பெற்றது, மாநிலங்களிலேயே பெரிய தொகை. மேற்கு வங்கம் பெற்றது சுமார் 276 கோடி. இரு மாநிலங்களிலும் ஒரு விவசாயியின் சராசரி நிலம் ஏறத்தாழ ஒன்றே. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 0.75 எக்டேர், வங்கத்தில் 0.76. தொகையில் உள்ள இடைவெளியை நிலத்தின் அளவு விளக்காது. பயிர்தான் விளக்குகிறது. கரும்பு, மஞ்சள், தென்னை, வாழை, தக்காளி பயிரிடும் மாநிலத்தில் சொட்டுக் குழாய்க்கு இடம் அதிகம். நெல்லும் உருளைக்கிழங்கும் ஆளும் மாநிலத்தில் குறைவு.

நெருக்க நடவுக் காய்கறிக்குச் சொட்டுக் குழாய் அமைக்க எக்டேருக்கு லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும். அகல இடைவெளி மரத்தோப்புக்கு அதில் சிறு பங்கே போதும். மானியப் பணம் விவசாயி கையில் வருவதும் இல்லை. அரசுப் பட்டியலிலுள்ள நிறுவனம் குழாய் பதிக்கும், அலுவலர் வந்து பார்த்துப் படம் எடுத்துச் சான்று தருவார், பிறகு நிறுவனத்துக்குப் பணம் போகும். விண்ணப்பத்துக்கு நில ஆவணம் வேண்டும். தமிழ்நாட்டில் சிட்டாவும் அடங்கலும், வங்கத்தில் பர்ச்சா. தாத்தா பெயரிலேயே பர்ச்சா கிடக்கும் குடும்பமும் வாய்மொழிக் குத்தகையில் உழுபவரும் இந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். 1978இல் தொடங்கிய பர்கா இயக்கத்தில் பதிவு பெற்ற வாரக் குத்தகைதாரர்களுக்கு உழும் உரிமை இருக்கிறது. ஏழெட்டு ஆண்டு உழைக்கும் குழாயை இன்னொருவர் நிலத்தில் பதிக்கும் தெம்பு வருவதற்கு நில உரிமையாளரின் ஒப்புதலும் வேண்டியிருக்கிறது.

பாங்குராவிலிருந்து மேற்கே சாத்னா, ஆத்ரா, பிறகு புருலியா. பீகாரின் மான்பூமிலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1 அன்று வங்கத்தோடு இணைந்த மாவட்டம். இங்கே ஆண்டு மழை 1,300 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். கோயம்புத்தூர்ச் சமவெளியில் பெய்வதைப்போல் இரு மடங்கு. இருந்தும் புருலியா வறண்ட மாவட்டம். மழையில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடுகிறது. நிலம் அலையலையாகச் சரிந்து கிடக்கிறது, மண் ஒரு முழம், அதற்குக் கீழே சோட்டா நாக்பூர்ப் பாறை. பெய்த நீர் பாறைமேல் வழுக்கி ஓடைக்குப் போய், சில மணி நேரத்தில் மாவட்டத்தையே விட்டுவிடுகிறது. நகரின் நடுவே 19ஆம் நூற்றாண்டில் வெட்டிய சாஹேப் பாந்த் ஏரி, தேக்கினால் நிற்கும் என்பதற்கு இன்றும் சாட்சி.

ஊர்க்காரர்கள் தங்கள் நிலத்தை நான்கு படியாகப் பிரித்துச் சொல்கிறார்கள். உச்சி மேடு டாண்ட், அங்கே புல்லும் புதரும். அதற்குக் கீழே வரப்பு கட்டிய பாயித். இன்னும் கீழே கானாலி. ஓடையோரத் தாழ்வு பஹால். பஹாலில் ஈரம் நிற்கும், நெல் தப்பாது. ஆனால் ஏழைச் சந்தாலி, பூமிஜ் குடும்பங்களின் நிலம் பெரும்பாலும் பாயித்தில்தான். நட்டபின் பத்துப் பதினைந்து நாள் மழை விட்டால் போதும், பயிர் காய்ந்துவிடும். ஒரு போகம் போனால் குடும்பம் நடவுக்கும் அறுப்புக்கும் கிழக்கே வர்தமான் வயல்களுக்குக் கூலிக்குக் கிளம்பும். இந்த ரயில் பாதையின் பொதுப் பெட்டிகளில் அரிவாளும் பாத்திர மூட்டையுமாக உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான்.

பாயித்துக்கு என்ன வழி என்று யோசித்தவர்களில் 'பிரதான்' என்ற தொண்டு நிறுவனம் முக்கியமானது. 1983இல் தொடங்கியது. இணை நிறுவனர் தீப் ஜோஷி 2009இல் மகசேசே விருது பெற்றவர். புருலியாவில் அவர்கள் முன்வைத்த முறைக்கு ஐந்து விழுக்காட்டு முறை என்று பெயர். ஒவ்வொரு வயலிலும் நூற்றில் ஐந்து பங்கு இடத்தில் ஒரு குழி வெட்ட வேண்டும். மழையில் நிரம்பும். மழை விட்ட நாட்களில் அந்த நீர் அதே வயலின் நெல்லைக் காப்பாற்றும், கசிந்து கீழ்வயலுக்கும் உதவும். இதையே பெரிதாக்கியது 'ஹாபா'. தமிழ்நாட்டுப் பண்ணைக் குட்டையின் உடன்பிறப்பு. பாங்குராவின் ஹீர்பாந்த் வட்டாரத்தில் நூற்றுக்கணக்கில் வெட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு அடி ஆழம், நான்கு பக்கமும் படிபோல் வெட்டிய சரிவு, மழைநீர் உள்ளே வர மேல்மூலையில் கல் பதித்த ஒரு வாய். கரையில் துவரையும் பூசணியும், நீரில் மீன்குஞ்சு. நெல் தப்பியதோடு நில்லாமல், கார்த்திகையில் கடுகும் காய்கறியும் போட ஈரம் மிஞ்சியது. பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் முன்னின்றதால் எந்த வயலில் முதலில் வெட்டுவது என்பதும் அவர்கள் முடிவாக இருந்தது.

ஹாபாவுக்குப் பணம் வந்த இடம் சொட்டு நீர்த் திட்டம் இல்லை. தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கூலிப் பணம். சிறு, குறு விவசாயியின் சொந்த நிலத்திலும் அத்திட்டத்தில் வேலை செய்ய முடிந்ததால், குட்டையும் கிடைத்தது, வெட்டிய குடும்பத்துக்குக் கூலியும் கிடைத்தது. மேற்கு மாவட்டங்களின் 'உஷர்முக்தி' நீர்ப்பிடிப்புப் பணியும், தரிசு நிலங்களைக் குழுக்களிடம் கொடுத்துத் தோப்பும் குட்டையும் ஆக்க 2020 மே மாதம் ஆறு மாவட்டங்களில் 50,000 ஏக்கர் இலக்கோடு அறிவித்த 'மாட்டிர் ஸ்ருஷ்டி'யும் பெருமளவு இந்தக் கூலிப் பணத்தையே நம்பின. 2022 மார்ச்சில் முறைகேட்டுப் புகார்களைக் காரணம் காட்டி, மேற்கு வங்கத்துக்கான ஊரக வேலைத் திட்ட நிதியை மத்திய அரசு நிறுத்தியது. 2025 ஆகஸ்ட் 1 முதல் திட்டத்தை மீண்டும் நடத்த வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் ஆணையிடும்வரை மூன்று மழைக்காலங்கள் போயின. முறைகேடு செய்தவரைத் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் அரைகுறையாக வெட்டிய குழி அடுத்த மழையில் தூர்ந்துவிடும். நீதிமன்றத் தேதிக்காக மழை காத்திருப்பதில்லை.

உலக வங்கிப் பணம் இன்னொரு வழியாக வந்தது. மேற்கு வங்கச் சிறுபாசன விரைவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு 2011இல் 25 கோடி டாலர் ஒப்புதல் ஆனது. பாதி வணிக வட்டிக்கு நெருங்கிய கடன், பாதி மிக எளிய நிபந்தனைக் கடன். சுமார் 1.39 லட்சம் எக்டேருக்கு நீர் என்பது இலக்கு. நீர்வள ஆய்வு மேம்பாட்டுத் துறை நடத்திய இத்திட்டத்தில் தடுப்பணை, ஆற்று நீரேற்றம், ஆழமற்ற கிணறு, சூரிய பம்பு எல்லாம் உண்டு. முக்கியமானது பயனாளிகளின் நீர்ப் பயனாளர் சங்கம். சங்கம் பதிவானபிறகே கட்டுமானம், முடிந்ததும் பராமரிப்பு சங்கத்திடம். புருலியாவில் ஜோர் எனப்படும் சிற்றோடைகளின் குறுக்கே கட்டிய ஜோர்பாந்த் ஒன்றின் அருகே நின்றால், மேல்பக்கம் கணுக்கால் முதல் இடுப்பு வரை தேங்கிய நீரும், கரையில் ஒரு சிறு பம்பு அறையும், அங்கிருந்து மேட்டுக்கு ஏறும் குழாயும் தெரியும். பல பாயித் நிலங்கள் முதன்முறை பாசன நீர் கண்டது இப்படித்தான்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் நீர் தேங்க வேண்டும், பிறகு ஏற வேண்டும், அதன்பிறகே சொட்ட வேண்டும். குட்டைக்கு ஊரக வளர்ச்சித் துறை, பம்புக்குச் சூரியத் திட்டமோ மின்வாரியமோ, குழாய்க்கு வேளாண் துறையோ தோட்டக்கலைத் துறையோ. பிரதமர் குசும் திட்டத்தில் சூரிய பம்புக்கு மத்திய அரசு 30, மாநிலம் 30, விவசாயி 40 விழுக்காடு, அதுவும் வேறு விண்ணப்பம். மூன்று அலுவலகப் பணமும் ஒரே நிலத்தில் ஒரே ஆண்டில் சேர்ந்தால்தான் பலன். அவற்றைச் சேர்க்கும் வேலையை அலுவலகம் எதுவும் எடுத்துக்கொள்வதில்லை. அரை எக்டேர்க்காரர் தலையில் விழுகிறது. குட்டை இல்லாத மேட்டில் குழாய் மட்டும் வந்து, வெயிலில் வெடித்துச் சுருண்டு கிடப்பது இதனால்தான். தமிழ்நாடு சொட்டு நீர் விண்ணப்பத்தோடு சேர்த்தே குழாய்க் கிணற்றுக்கு 25,000 ரூபாய், மோட்டாருக்கு 15,000, நீர்த் தொட்டிக்குக் கன மீட்டருக்கு 350 என்று துணை மானியம் தருவது இந்த வகையில் நல்ல ஏற்பாடு. புருலியாவுக்கு அந்தப் பட்டியலில் தொட்டியின் இடத்தில் ஹாபா இருந்தால் பொருந்தும்.

இந்தப் பணத்தால் தண்ணீர் உண்மையில் மிஞ்சுகிறதா என்பது உலகெங்கும் கேட்கப்படும் கேள்வி. மொராக்கோ 2008இல் தொடங்கிய பசுமைத் திட்டத்தில் சொட்டு நீருக்கு 80 முதல் 100 விழுக்காடு மானியம் கொடுத்தது. குழாய் வந்ததும் விவசாயிகள் பரப்பைக் கூட்டினார்கள், தண்ணீர் அதிகம் குடிக்கும் பழ மரங்களுக்கு மாறினார்கள். நிலத்தடி நீர் மேலும் இறங்கியது. 2018இல் 'சயின்ஸ்' இதழில் கிராஃப்டனும் பிறரும் எழுதிய கட்டுரை பல நாடுகளின் அனுபவத்தைச் சேர்த்து இதையே சொன்னது. வயலில் மிச்சமான நீர் ஆற்றுக்கோ கிணற்றுக்கோ திரும்புவதில்லை, அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. இலவச மின்சாரமும் நூறு விழுக்காடு மானியமும் சேர்ந்திருக்கும் தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. புருலியாவின் நிலைமை வேறு. இங்கே குழாயில் ஓடுவது, ஓடிப்போகாமல் தடுத்த அந்த ஆண்டு மழை. குட்டை காலியானால் காலிதான், அதற்குமேல் தோண்டிச் சுரண்ட அடியில் பாறையே இருக்கிறது. மானியம் பரப்பைக் கூட்டினாலும் அது மேட்டுக்காரர்களுக்கு ஒரு போகம் கூடுவதாகவே முடியும், ஆகவே இந்தப் பணம் இங்கே வருவது நியாயம்.

நாளடைவில் எல்லாம் பராமரிப்பில் வந்து நிற்கிறது. சொட்டு நீருக்குத் தமிழ்நாட்டில் ஏழு ஆண்டு கழித்தே அதே நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்கலாம். அதுவரை வடிகட்டி வலை கிழிந்தால், எலி குழாயைக் கடித்தால், விவசாயியே பார்த்துக்கொள்ள வேண்டும். வங்கத்தின் நீர்ப் பயனாளர் சங்கங்கள் பயிருக்கும் பரப்புக்கும் ஏற்பக் கட்டணம் வாங்கி, வங்கிக் கணக்கில் போட்டு, பம்பு ஓட்டுபவருக்குச் சம்பளமும் பழுதுக்குச் செலவும் கொடுக்கின்றன. மாநில அரசு 2019இல் தொடங்கிய 'கிருஷக் பந்து' உதவித்தொகை 2021 முதல் ஒரு ஏக்கரும் அதற்கு மேலும் உள்ளவருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், குறைந்தது 4,000 என்று இரு தவணையாக வருகிறது. அது கைக்கு வரும் மாதத்தில் சங்கக் கட்டணம் வசூலாவது எளிது. குளிர்காலத் தக்காளிக்கும் கடுகுக்கும் நல்ல விலை வந்த ஆண்டில் சங்கத்தின் பதிவேட்டில் நிலுவை குறைகிறது. விலை விழுந்த ஆண்டில் பம்பு அறைப் பூட்டு திறப்பதே தள்ளிப்போகிறது. கட்டுமானத்துக்குக் கொடுத்த கடன்காரர்களும் துறைகளும் முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்காவது பழுதுச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கினால், வசூல் நிலைபெறும்வரை சங்கம் தாக்குப்பிடிக்கும்.